எது உடைய வேண்டும்

கூக்கல் ஏற்றம், மூன்றாவது வளைவு.
பன்னிரண்டு மூட்டை கேரட்டோடு
ஜீப் 'டப்' என்றது.
பெரிய சத்தமில்லை.
அடுத்த வீட்டில் யாரோ கரும்பு முறித்ததுபோல்.
முன்சக்கரம் இரண்டும் இருந்தன,
இழுவைதான் இல்லை.
வைரவன் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
மழை நிற்கவில்லை.

பெருமாள்மலை ஒர்க்‌ஷாப்பில் தாவூது
இடது அச்சை உருவி
என் கையில் கொடுத்தான்.
குளிர்ந்து, கனத்து,
யோக்கின் ஒரு காது கிழிந்து.
அதற்குள் நாலு கை நீட்டி இருப்பதை
கிராஸ் என்பார்கள்.
தாங்குகிற காது கிழிந்தால்
சிலுவை எங்கே நிற்கும்?

கோயம்புத்தூர்க் கடைக்காரர்
போனில் மூன்று விலை சொன்னார்.
பழைய வண்டியில் கழற்றியது மலிவு:
வேறு யாரோ ஏற்றத்தில் களைத்தது.
கம்பெனிப் புதியது:
உடைந்ததன் தம்பி.
மூன்றாவது குரோமோலி.
முறுக்கினால் கொஞ்சம் முறுகும்,
விட்டால் திரும்பி வரும் என்றார்.
ஜோடி முப்பத்தெட்டாயிரம்.
எனக்கு அது பூண்டுக் கணக்கு:
மேல்காட்டின் ஒரு போகம்,
களை எடுத்த கூலி நீங்கலாக.

"பல் எத்தனைன்னு எண்ணிச் சொல்லும்மா."
எண்ணினேன். இருபத்தேழு.
வைரவன் எண்ணினான். முப்பது.
சண்டை போட்டு
மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினோம்.
அப்போதும் இருபத்தேழு.
பணம் அனுப்பப் போன விரலைத் தடுத்து
தாவூது டீசல் துணியால் ஒருமுறை துடைத்தான்.
காய்ந்த கிரீஸுக்கடியில்
மூன்று பல் ஒளிந்திருந்தன.
வைரவன் அன்று முழுவதும் விசிலடித்தான்.

பிறகு தாவூது கேட்டான்:
"அக்கா, அச்சு கெட்டியானா
முறுக்கு எங்கேயும் போயிடாது.
வேற இடத்துல போய் உக்காரும்.
ஹப்புல, இல்லாட்டி கிரவுன் பினியன்ல.
எது உடையணும்னு
நீங்களே சொல்லிடுங்க."

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.
வட்டிக்காரர் கேட்டதில்லை.
உருளைக்கிழங்கு விலை கேட்டதில்லை.
எல்லாம் அதுஅதுவாக
தனக்குப் பிடித்த இடத்தில் உடைத்துவிட்டுப் போயின.

ஒரு இரவு யோசித்தேன்.
கிரவுன் பினியன் போனால்
வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும்,
மூன்று நாள், கேரட் அழுகும்.
ஹப் போனால்
ஆறு போல்ட், ஒரு ஸ்பேனர், வாயில் ஒரு டார்ச்.
காலையில் சொன்னேன்:
"ஹப் உடையட்டும்."
ஏதோ வேண்டுதல் வைத்ததுபோல் இருந்தது.

அச்சு வந்தது, சாக்குத்துணி சுற்றி,
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.
முதல் வேலையே பிடிவாதம்:
ஸ்பிண்டிலின் ஆறு நட்டும் கழன்றபின்னும்
அது அசையவில்லை.
மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி,
கெஞ்சி, திட்டி.
கிராஸ் கோக்கும்போது தெறித்த ஒரு கிளிப்
தகரக் கூரையில் மோதியது.
இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆயில் சீலை உரசாமல் நுழைக்க வேண்டும்.
தூங்குகிற பிள்ளைக்கு
ஸ்வெட்டர் கைக்குள் கை விடுவதுபோல்.
ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத இருட்டில்,
பல்லும் பல்லும் முட்டி நின்றன.
தாவூது மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு மயிரிழை திருப்பினான்.
போனது.
நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

தை மாத விடியல்.
மன்னவனூர்ப் புல்லெல்லாம் உறைபனி.
இறங்கி, ஹப்பின் வட்டத்தை
வெறுங்கையால் லாக்கில் திருப்பினேன்.
விரல் ஒட்டிக்கொண்டது.
பதினான்கு மூட்டை.
முதல் வளைவு. இரண்டாவது.
மூன்றாவதில் கல் புரண்டது,
முன்பக்கம் ஒருமுறை பல்லைக் கடித்தது,
ஏறியது.

சீட்டுக்கடியில், குரங்குக் குல்லாவில் சுற்றி,
மாற்று ஹப் ஒன்று கிடக்கிறது.
வளைவு தாண்டி வெகுதூரம் வந்தும்
என் காது இன்னும் கீழேயே இருக்கிறது,
யாராவது கரும்பு முறிக்கிறார்களா என்று.
பக்கத்தில் வைரவன்
வாயைத் திறந்து தூங்குகிறான்.